கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி!

"டாக்டர் சார், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

மேஜை மேல் ஸ்கேன் கவரை வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் அவர். பேரணாம்பட்டுப் பக்கம். தோல் வியாபாரம். வயது நாற்பத்தெட்டு. பக்கத்தில் அவர் மனைவி. இரண்டு பேர் முகத்திலும் ராத்திரி தூங்காத சோர்வு.

கவருக்குள் அல்ட்ரா சவுண்ட் ரிப்போர்ட். கல்லீரலின் வலது பக்கத்தில் 1.2 சென்டிமீட்டர் அளவில் ஒரு சின்ன முடிச்சு தெரிகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. 1.2 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. அவ்வளவுதான்.

"வயித்துல வலி இல்லை, மஞ்சள் இல்லை, பசி நல்லா இருக்கு சார். போன வெள்ளிக்கிழமைகூட கல்யாணத்துல நல்லா பிரியாணி சாப்பிட்டேன். அப்புறம் எப்படி சார் இது? அண்ணனுக்கு வந்த மாதிரிதானா?"

நான் பதில் சொல்வதற்குள் அந்தம்மா கேட்டார்: "நீங்க ஒரு பச்சிலை கொடுங்க சார். கரைஞ்சு போயிடாதா?"

"கரையாதும்மா. முதல்ல அது என்னன்னு தெரியணும். ஸ்கேன் டாக்டர் எழுதியிருக்கிற மாதிரி எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அந்தம்மாவுக்கு ஏமாற்றம். பாகாயத்தில் சித்த வைத்தியரைத் தேடி வந்தால், அவரும் ஸ்கேன் எடு என்கிறாரே! இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரலாம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவனுக்கு எம்.ஆர்.ஐ. பற்றி எழுத என்ன அவசியம்? அவசியம் இருக்கிறது. அவர் "அண்ணனுக்கு வந்த மாதிரி" என்று சொன்னாரே, அந்த அண்ணனுக்கு மருந்து கொடுத்தது நான்தான்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

2003-ம் வருஷம். எனக்கு அப்போது முப்பது சொச்சம் வயது. அந்த அண்ணன் ஒரு முகாமில் ரத்ததானம் செய்யப் போயிருக்கிறார். ரத்தத்தைச் சோதித்துவிட்டு 'ஹெபடைடிஸ்-பி இருக்கிறது, உங்கள் ரத்தம் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தார். எஸ்.ஜி.பி.டி. என்கிற ஈரல் பரிசோதனையில் அளவு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கீழாநெல்லி கொடுத்தேன். உப்பு, புளி, எண்ணெய் குறைத்துப் பத்தியம் சொன்னேன். மூன்று மாதத்தில் எஸ்.ஜி.பி.டி. நார்மல்!

"இனிமே கவலையை விடுங்க பாய், ஈரல் சுத்தமாயிடுச்சு" என்றேன்.

அவரும் நம்பினார். நானும்தான் நம்பினேன். அப்புறம் அவர் எந்த ஸ்கேனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. 2006-ல் திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். வயிறு மட்டும் உப்பியிருந்தது. சி.டி. ஸ்கேனில் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி. பக்கத்து ரத்தக் குழாய்க்குள்ளும் நுழைந்துவிட்டது. ஐந்து மாதம் இருந்தார்.

எஸ்.ஜி.பி.டி. இறங்கியது என்றால் ஈரலில் அந்த நேரத்து அழற்சி தணிந்திருக்கிறது என்று அர்த்தம். வைரஸ் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே முடிச்சு எதுவும் முளைக்கவில்லை என்றும் அர்த்தம் இல்லை. இந்த மூன்றையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. மழை பெய்தால் ஓட்டேரி ஏரிக்கரையில் தானாக முளைக்கிற செடி அது. ஒரு காலத்தில் உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது என்றார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. எங்கள் கல்லூரிகளில் இதைப் பெருமையோடு சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். ஆனால் பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்த ஆய்வுகளில் அந்த வெற்றி திரும்ப வரவில்லை. இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருகிற மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ வகை. பெரும்பாலானவர்களுக்கு அது சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் பச்சிலை சாப்பிட்டால் பெயர் பச்சிலைக்கு. மந்திரித்திருந்தால் பெயர் மந்திரித்தவருக்கு! 'பி' அப்படி இல்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தங்கிவிடுகிறது. காமாலையே காட்டாமல் முப்பது, நாற்பது வருஷம் சத்தமில்லாமல் உள்ளே வேலை செய்யும்.

யாருக்கு இந்தப் பயம் வேண்டும்?

எல்லாருக்கும் வேண்டாம். கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போகிற 'சிரோசிஸ்' நோய் உள்ளவர்கள் முதல் வரிசை. அது குடியால் வந்ததா, பி அல்லது சி வைரஸால் வந்ததா, சர்க்கரை நோயும் தொப்பையுமாகச் சேர்ந்து ஈரலில் கொழுப்பு படிந்து வந்ததா என்பது இரண்டாம் பட்சம். சிரோசிஸ் உள்ள நூறு பேரில் வருஷத்துக்கு ஒன்றிலிருந்து நாலு பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரலாம் என்பது பொதுவான கணக்கு.

அடுத்த வரிசையில் ஹெபடைடிஸ்-பி உள்ளவர்கள். இந்த வைரஸின் குணம் கொஞ்சம் விபரீதம். சிரோசிஸ் ஆகாத ஈரலில்கூட நேராகப் புற்றுநோயை உண்டாக்கும். அதனால் 'பி' உள்ள ஆண்கள் நாற்பது வயதிலிருந்தும், பெண்கள் ஐம்பது வயதிலிருந்தும், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால் அதற்கு முன்பிருந்தேயும் கவனமாக இருக்க வேண்டும். (நம் பக்கம் வேர்க்கடலை அதிகம். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் 'அஃப்ளாடாக்ஸின்' விஷம் இந்த வைரஸோடு சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. கசக்கிற கடலையைத் துப்பிவிடுங்கள், காசு போனால் போகட்டும்.)

இவர்கள் என்ன செய்ய வேண்டும்? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன். கூடவே ஏ.எஃப்.பி. என்கிற ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் இதை 18,816 பேரிடம் செய்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூட்டத்தில் கல்லீரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்தது. 2004-ல் வெளியான ஆய்வு இது. நான் அந்த அண்ணனைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்பி ஒரு வருஷம் கழித்து!

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எங்களுக்கு எட்டு வகைத் தேர்வு உண்டு. கைதேர்ந்தவர் ஈரல் கெட்டிருப்பதை விழியிலும் நாவிலும் நீரிலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கொண்டைக்கடலை அளவு முடிச்சு எந்த நாடியிலும் பேசாது. அதற்கு வலியும் இல்லை. கல்லீரலுக்குள்ளே வலி உணரும் நரம்பே கிடையாது. வெளி உறை இழுபட்டால்தான் வலிக்கும். வலிக்கிற அளவுக்குக் கட்டி வளர்ந்தபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஈரலுக்கு இரண்டு வாய்க்கால்

சரி, அல்ட்ரா சவுண்டில் புள்ளி தெரிந்துவிட்டது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் பொதுவாக மூன்று மாதம் பொறுத்து மறுபடி அல்ட்ரா சவுண்ட். ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் அடுத்த கட்டம். அது சி.டி.யாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யாக இருக்கலாம்.

"அல்ட்ரா சவுண்ட்லதான் தெரிஞ்சிடுச்சே, மறுபடி எதுக்கு சார் இவ்வளவு செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புள்ளி இருக்கிறது என்றுதான் அல்ட்ரா சவுண்ட் சொல்கிறது. அது என்ன புள்ளி என்று சொல்வதில்லை. வெறும் நீர்க்கட்டியாக இருக்கலாம். பிறவியிலேயே வந்த ரத்தக் குழாய் முடிச்சாக இருக்கலாம். ஹெமாஞ்சியோமா என்பார்கள், ஒன்றும் செய்யாது. சிரோசிஸ் ஈரல் முழுக்கவே முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். அதில் ஒரு சாது முடிச்சாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்துச் சொல்வது எப்படி? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் உடம்பில் பெரும்பாலான உறுப்புகளுக்கு சுத்த ரத்தக் குழாய் ஒன்றுதான் வாய்க்கால். கல்லீரலுக்கு இரண்டு. ஒன்று இதயத்திலிருந்து வருகிற சுத்த ரத்தக் குழாய். அதில் வருவது கால் பங்கு ரத்தம். மீதி முக்கால் பங்கு, குடலிலிருந்து சாப்பாட்டுச் சத்தைச் சுமந்து வருகிற 'போர்ட்டல்' குழாய் வழியாக வருகிறது. நல்ல ஈரல் செல்கள் இந்த இரண்டு வாய்க்கால் தண்ணீரிலும் வளர்கின்றன.

புற்றுநோய் முடிச்சு அப்படி இல்லை. அது வளர வளர போர்ட்டல் வாய்க்காலை விட்டுவிட்டு, சுத்த ரத்தக் குழாயிலிருந்து தனக்கென்று புதுக் கிளைகளை இழுத்துக்கொள்கிறது. மோட்டார் வைத்துத் திருட்டுத் தண்ணீர் இழுக்கிற மாதிரி!

இப்போது கையிலுள்ள நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்துகிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிற மருந்து. அரை நிமிஷத்தில் அது சுத்த ரத்தக் குழாய் வழியாக ஈரலுக்குள் நுழையும். அந்த நொடியில் படம் எடுத்தால் புற்றுநோய் முடிச்சு விளக்குப் போட்ட மாதிரி பிரகாசிக்கும். சுற்றியுள்ள நல்ல ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும் அல்லவா? அது இன்னும் மங்கலாகவே இருக்கும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி படம். இப்போது போர்ட்டல் வழியாக மருந்து வந்து ஈரல் முழுக்க வெளுத்திருக்கும். முடிச்சிலிருந்தோ மருந்து வடிந்து போயிருக்கும். அது கறுப்பாகத் தெரியும். இரண்டு, மூன்று நிமிஷம் கழித்து இன்னும் ஒரு படம். சில முடிச்சுகளைச் சுற்றி மெல்லிய வளையம் மாதிரி ஓர் உறை தெரியும்.

முதலில் வெளுப்பு, பிறகு கறுப்பு. ஹெமாஞ்சியோமா நேர் எதிர்; ஓரத்திலிருந்து மெதுவாக நிரம்பி, நிரம்பிய மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர்க்கட்டிக்குள் மருந்தே போகாது. ஆக, புள்ளியின் உருவத்தைவிட அதற்குள் ரத்தம் வந்து போகிற நேரம்தான் அதன் ஜாதகத்தைச் சொல்கிறது.

இதே வேலையைச் சி.டி.யும் செய்யும். சீக்கிரம் முடியும், பல ஊர்களில் கிடைக்கும். ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரையுள்ள சின்னப் புள்ளிகளில் எம்.ஆர்.ஐ. இன்னும் கூர்மை. காரணம், அது ஒரே உட்காரலில் பல கோணத்தில் விசாரிக்கிறது. முடிச்சுக்குள் கொழுப்பு இருக்கிறதா, செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீர் நகர இடமில்லாமல் இருக்கிறதா என்றெல்லாம் தனித்தனிப் படம் வரும். 'கேடாக்ஸெடேட்' என்ற விசேஷ மருந்தும் உண்டு. அதை நல்ல ஈரல் செல்கள் உள்ளே வாங்கிக்கொள்ளும். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஈரல் வெள்ளை வெளேரென்று இருக்க, வேலை மறந்த புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் கறுப்புப் புள்ளியாக நிற்கும்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. நம் உடம்புத் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனைத் தட்டி எழுப்பி, அது கொடுக்கிற பதிலைப் படமாக மாற்றுகிறார்கள். இந்த வித்தைக்காக லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரிப்போர்ட்டில் அந்த நம்பர்

ரிப்போர்ட்டின் கடைசியில் 'எல்.ஆர்.' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011-ல் கொண்டுவந்த 'லை-ராட்ஸ்' என்கிற மார்க் போடும் முறை அது. எல்.ஆர்.-1 என்றால் நிச்சயமாகச் சாது. எல்.ஆர்.-5 என்றால் கல்லீரல் புற்றுநோய்தான். நூற்றுக்கு 90க்கு மேல் சரியாக இருக்கும். அதனால்தான் பல பேருக்கு ஊசி குத்திச் சதை எடுக்கிற பயாப்ஸியே இல்லாமல் சிகிச்சையை ஆரம்பித்துவிடுகிறார்கள். வேறெந்தப் புற்றுநோயிலும் இது அபூர்வம். எல்.ஆர்.-4 நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோயாக முடிகிறது. எல்.ஆர்.-3 என்பதுதான் இரண்டும் கெட்டான். மூன்றில் ஒருவருக்கு, அல்லது கொஞ்சம் கூடுதலாக, புற்றுநோய். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. எல்.ஆர்.-எம் என்று எழுத்துப் போட்டிருந்தால் புற்றுநோய்தான் போலிருக்கிறது, ஆனால் வேறு வகையாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். அதற்குப் பயாப்ஸி பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த நம்பர் சிரோசிஸ் அல்லது ஹெபடைடிஸ்-பி உள்ள பெரியவர்களுக்கு மட்டும்தான். ஈரலில் எந்த நோயும் இல்லாத இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இதே மாதிரி வெளுத்துத் தெரிகிற முடிச்சு வந்தால் அது பெரும்பாலும் வேறு சாது சமாசாரம். ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய் அடைபட்டு வருகிற 'பட்-கியாரி' நோயிலும் சாது முடிச்சுகளே புற்றுநோய் வேஷம் போடும். அதனால் பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டை வைத்து உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள். காட்பாடி - பாகாயம் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். தமிழோடு இந்தியும் வங்காளியும் காதில் விழும், பாதிப் பேர் மடியில் ஸ்கேன் கவர் இருக்கும், ஒருவர் படத்தை இன்னொருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வைத்தியம் சொல்லிக்கொண்டு வருவார்கள்!

தாலிச் சரடும் தாயத்தும்

எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புவது இதுதான். நாலிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு. எத்தனை மணி நேரம் என்று அந்த ஸ்கேன் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உலோகம் எதுவும் கூடாது. வளையல், மெட்டி, கொண்டை ஊசி, வெள்ளி அரைஞாண், அதில் கோத்த தாயத்து, காது மெஷின், எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தாலிச் சரடைக் கழற்றத் தயங்குகிற பெண்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளலாம். பேஸ்மேக்கர் வைத்திருந்தால், தலைக்குள் கிளிப் போட்டிருந்தால், லேத்துப் பட்டறையில் வேலை செய்து கண்ணில் இரும்புத் தூள் பட்டிருந்தால், முதலிலேயே சொல்ல வேண்டும். இதில் வெட்கமோ மறதியோ கூடாது. அந்தக் காந்தம் எந்நேரமும் விழித்துக்கொண்டே இருக்கும்.

சிறுநீரகம் கெட்டவர்கள் கிரியாட்டினின் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அந்த ஊசி மருந்தில் இருப்பது கேடோலினியம் என்ற உலோகம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அதில் சில வகைகள் ஆகாது. என்னைப் போன்றவர்களிடம் அயச்செந்தூரம் மாதிரி இரும்பு சேர்ந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் ரேடியாலஜி டாக்டரிடம் சொல்லுங்கள். 'கோபித்துக்கொள்வார்' என்று மறைக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் என்ன?

எல்லாவற்றையும்விட முக்கியம் மூச்சு. ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து, இருபது விநாடி மூச்சை அடக்கச் சொல்வார்கள். மருந்து முதலில் உள்ளே வருகிற அந்த அரை நிமிஷப் படம் இருக்கிறதே, அது ஒரே ஒரு வாய்ப்பு. அந்த நேரம் இருமினாலோ மூச்சு விட்டாலோ படம் கலங்கிவிடும். காசு கொடுத்தும் பாதி ரிப்போர்ட்தான் வரும். சிலருக்கு மருந்து போன சில விநாடிகளில் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும், பயப்படாதீர்கள். முதல் நாளே வீட்டில் படுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து இருபது விநாடி அடக்கிப் பழகுங்கள். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வைத்தியம் எம்.ஆர்.ஐ.க்கு உதவுகிற இடம் இது ஒன்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

உள்ளே 'டக டக' என்று சத்தம் வரும். காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கொடுப்பார்கள். குழாய்க்குள் படுக்கப் பயம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் வழி செய்வார்கள். பழைய ஸ்கேன் படங்களையும் சி.டி.யையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்பதே பாதி விடை. செலவு கூடத்தான். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முதலிலேயே காட்டிக் கேளுங்கள்.

மூன்று மாதம்

நம் பேரணாம்பட்டுக்காரருக்கு என்ன வந்தது? எம்.ஆர்.ஐ.யில் 1.3 சென்டிமீட்டர். முதல் படத்தில் வெளுப்பு. ஆனால் அடுத்த படத்தில் கறுக்கவில்லை. வளையமும் இல்லை. எல்.ஆர்.-3. 'மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவும்.'

இதைத் தாங்குவதுதான் கஷ்டம். இருக்கிறது என்று சொன்னால் ஒரு விதம், இல்லை என்று சொன்னால் ஒரு விதம். பொறுத்திருந்து பார் என்றால்?

"இன்னா சார் இது, அதுக்குள்ள பரவிட்டா?" என்றார். "கத்தி வெச்சு எடுத்துட மாட்டாங்களா சார்?" என்றார் மனைவி. சொந்தக்காரர் ஒருவர் ஆந்திராவில் ஏதோ ஊரில் கட்டியைக் கரைக்கிற சூரணம் கிடைக்கிறது என்று விலாசமே கொடுத்துவிட்டார்.

நான் சொன்னேன்: "பாய், மூணுல ரெண்டு பங்கு இது ஒண்ணுமில்லாம போகலாம். ஒண்ணுமில்லாததுக்கு ஈரலை வெட்டினா அதுவே கெடுதல். சின்ன முடிச்சு மூணு மாசத்துல பெரும்பாலும் கை மீறிப் போகாது. ஆனா மூணு மாசம்னா மூணு மாசம். நாலாவது மாசம் இல்லை. அதுவரைக்கும் உங்க வைரஸ் மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க. அந்தச் சூரணம் வேண்டவே வேண்டாம்." பேர் தெரியாத சூரணத்தில் என்ன உலோகம், எவ்வளவு புடம் என்று எனக்கே தெரியாது, ஏற்கெனவே நொந்த ஈரலுக்கு அது என்ன செய்யும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? நானும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. சும்மா அனுப்புவது எங்கள் தொழிலில் ரொம்பக் கஷ்டம். நோயாளி கையில் ஒரு பொட்டலமாவது வேண்டும் என்று நினைப்பார்.

ஐப்பசியில் தேதி தவறாமல் போனார். 1.7 சென்டிமீட்டர். இந்தத் தடவை வெளுத்தது, பிறகு கறுத்தது. எல்.ஆர்.-5.

அவர் அழுதார். எனக்கோ, சொன்னால் தப்பாக நினைக்கக்கூடாது, ஒரு நிம்மதி. அண்ணனுக்கு ஒன்பது சென்டிமீட்டரில் தெரிந்தது, தம்பிக்கு 1.7-ல் தெரிந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரே ஒரு முடிச்சு என்றால் அது 'மிக ஆரம்ப நிலை'. அறுவை செய்து எடுக்கலாம். அல்லது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஓர் ஊசியை முடிச்சுக்குள் செலுத்தி, ரேடியோ அலைச் சூட்டால் அதைப் பொசுக்கிவிடலாம். ஈரல் மொத்தமும் கெட்டிருந்தால் மாற்று ஈரல் வைக்கிற வழியும் உண்டு. ஐந்து சென்டிமீட்டருக்குள் ஒரு கட்டி, அல்லது மூன்று சென்டிமீட்டருக்குள் மூன்று கட்டி வரை என்றால் மாற்று ஈரல் நன்றாகப் பலன் தரும் என்று இத்தாலியில் மிலான் நகர டாக்டர்கள் 1996-லேயே காட்டினார்கள். அவர்கள் செய்த 48 பேரில் நான்கு வருஷம் கழித்து முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒன்பது சென்டிமீட்டருக்கு இந்தக் கதவுகள் பெரும்பாலும் சாத்திவிடுகின்றன.

இவருக்குச் சூட்டு வைத்தியம் செய்தார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்த இடம் வெறும் தழும்பு. ஆனால் ஈரல் அதே ஈரல். வைரஸ் அடங்கியிருக்கிறதே தவிர ஓடிவிடவில்லை. இன்னோர் இடத்தில் முளைக்கலாம். ஆகவே முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு டாக்டர் சொல்கிறபடி ஸ்கேன் தொடர வேண்டும். அவர் இப்போது மூச்சடக்குவதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். "இருபத்தஞ்சு விநாடி வருது சார்" என்கிறார்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு 'பி' என்றால் மற்றவர்களையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2006-லேயே இதைச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும்; தம்பி மட்டும் தானாகப் போய்ச் சோதித்துக்கொண்டதால் பிழைத்தார். இப்போது வீட்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. அவர் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சின்ன வயதிலேயே தடுப்பூசி போட்டிருந்தார்கள், ஒருவருக்கும் இல்லை. இந்தத் தடுப்பூசி நம் நாட்டில் 2002-ல் சில இடங்களில் ஆரம்பித்து 2011-ல் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. 1984-லேயே குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்த தைவானில் சிறுவர்களுக்கு வருகிற கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் வைரஸ் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்களுக்கு இந்த ஊசியால் பயன் இல்லை. அவர்களுக்கு மாத்திரையும் ஸ்கேனும்தான். 2018-ல் மத்திய அரசு ஆரம்பித்த கல்லீரல் அழற்சி ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

ஆம்பூரில் கட்டிக்கொடுத்த தங்கைக்குத்தான் பாசிடிவ். வயது நாற்பத்தாறு. ஒரு தொந்தரவும் இல்லை. "எனக்கு எதுக்குங்க ஸ்கேன், நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று என்னிடமே கேட்டார். அவருடைய பெரிய அண்ணனும் 2003-ல் இதே நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னேன். அவருக்கு முதல் அல்ட்ரா சவுண்ட் வருகிற வியாழக்கிழமை. சின்ன அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போகிறார்.